கழல மறுத்த டிரம்

மூன்று மாத மழைக்குப் பிறகு சாவியைத் திருகியதும் என்ஜின் கிளம்பிவிட்டது. பிரச்னை கிளம்புவதில் இல்லை. நிற்பதில் இருந்தது.

இடம், மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலையில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கும் மானேபஞ்சன். ஒரே ஒரு கடைவீதி, அதன் இரு பக்கமும் மர வீடுகள், எந்நேரமும் இறங்கி ஏறும் மூடுபனி. சந்தக்பூவுக்குப் போகும் பாதை இங்கேதான் தொடங்குகிறது. சுமார் 30 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் வண்டி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 3,636 மீட்டரில் இருக்கும் சந்தக்பூதான் மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம். வானம் தெளிந்த காலையில் அங்கிருந்து கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்ட்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அதற்காகவே நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அவர்களை மேலே கொண்டுபோவதில் பெயர் பெற்றவை பழைய லேண்ட் ரோவர்கள். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்ட வண்டி இது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் கைமாறிக் கைமாறி இந்த மலைக்காரர்களிடம் வந்து சேர்ந்தன. உலகின் பிற இடங்களில் கண்காட்சிக் கூடத்தில் நிறுத்தித் துடைத்து வைக்கும் வயதில், இங்கே அவை மூட்டையும் ஆளும் ஏற்றிச் சம்பாதித்தன. அண்மை ஆண்டுகளில் பாதையின் பல பகுதிகளுக்கு காங்கிரீட் போட்டாகிவிட்டது. புது பொலேரோக்களும் வந்துவிட்டன. ஆனாலும் பழைய வண்டியில்தான் போவேன் என்று கேட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வண்டி 1957-ல் தயாரானது. அச்சுக்கு அச்சு 88 அங்குலம். என்ஜின் இப்போது மகிந்திராவின் டீசல். மற்றதெல்லாம் பிறந்தபோது இருந்தவை, அல்லது அவற்றின் இடத்தில் பொருத்திய ஏதோ ஒன்று. ஓட்டியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக இதே பாதை, இதே ஸ்டியரிங். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பனியில் வண்டி ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. இந்த சீசனிலிருந்து கடைசி மகன் ஓட்டட்டும் என்று முடிவாயிற்று. மகன் சிலிகுரியில் ஒரு கார் பட்டறையில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வீட்டில் அவனுக்கு இன்னும் 'காஞ்சா'தான். நேபாளியில் கடைக்குட்டி என்று அர்த்தம்.

சிங்கலீலா தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜூன் நடுவில் மூடி செப்டம்பர் நடுவில் திறக்கும். அதுவரை வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. திறப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது, காஞ்சா அதைச் சித்ரே வரை ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்கினான். முதல் கொண்டையூசி வளைவில் பிரேக்கை மிதித்தான். வண்டி வலப் பக்கம் இழுத்தது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. ஈரச் சாலை, வலப் பக்கம் பள்ளம்.

கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பாவிடம் சொன்னான்.

"வலப் பக்கம் இழுக்குதே, பாபா?"

"எனக்கு ஒருநாளும் இழுத்ததில்லையே" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பின்னால் தெரியவந்த விஷயம்.

வண்டி வலப் பக்கம் இழுத்தால் இடப் பக்கத்து பிரேக் ஏதோ ஒன்று தன் பங்கைச் செய்யவில்லை என்று பொருள். மறுநாள் காலையில் காஞ்சா முன் சக்கரங்களைத் திறந்து பார்த்தான். இரண்டும் சரியாக இருந்தன. பின்னால் வலது டிரம், மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் கையோடு வந்தது. மிச்சம் இருந்தது பின் இடது.

அதற்கு ஜாக்கி போடப் போனவனை அப்பா நிறுத்தினார். "முன் சக்கரத்துக்குக் கல் கொடு. இரண்டு பக்கமும்."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன், பாபா. காலையில் வலப் பக்கத்தை அப்படித்தான் தூக்கினேன்."

"காலையில் நீ பிழைத்தாய். அதனால்தான் சொல்கிறேன்."

பழைய லேண்ட் ரோவர்களை அறியாத மெக்கானிக்குகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மற்ற கார்களைப் போல இதன் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை கவலை இல்லை. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் கதை மாறும். தண்டு பூட்டியிருந்தாலும், டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்கள் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் எதிர்த் திசையிலும் உருள முடியும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவைத்த வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டு நகரும். கீழே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. காஞ்சா கல் கொடுத்தான்.

அடுத்தது ஸ்பேனர். சிலிகுரியிலிருந்து கொண்டுவந்த பளபளப்பான மெட்ரிக் செட்டை அவன் விரித்தான். அப்பா ஒரு பழைய டால்டா டப்பாவிலிருந்து கறுத்துப்போன நாலைந்து ஸ்பேனர்களை எடுத்துப் போட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளின் நட்டும் போல்ட்டும் தனி அளவு, தனிப் புரி. மெட்ரிக் ஸ்பேனர் அதில் ஏறக்குறைய உட்காரும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கும். உருண்டையான நட்டை மறுபடி எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

சக்கரம் வெளியே வந்தது. பின்னால் துருப்பிடித்த டிரம்.

லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடு, அதனால்தான் அலுமினியம். எழுபது மழைக்காலம் நனைந்தும் உடம்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் டிரம் வார்ப்பிரும்பு. அது உட்காரும் ஹப் எஃகு. இரண்டும் ஒன்றை ஒன்று தொடும் வட்டத்தில் தண்ணீர் இறங்கித் துரு உருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். நெல் ஊறினால் சாக்கு விம்முவதுபோல, இண்டு இடுக்கில் விம்மி இரண்டையும் இறுக்கிவிடும்.

டிரம் கழல மறுக்க இன்னொரு காரணமும் உண்டு. அது வெளியே தெரியாது. பிரேக் ஷூ உரசி உரசி டிரம்மின் உள்பக்கம் குழிகிறது. ஷூ தொடாத வெளி ஓரம் மட்டும் தேயாமல் வரம்புபோல நிற்கிறது. டிரம்மை இழுக்கும்போது அந்த வரம்பு ஷூவில் போய் முட்டுகிறது. வெளியே எவ்வளவு இழுத்தாலும் உள்ளே கொக்கி போட்டதுபோலத்தான். எனவே டிரம்மை இழுக்கும் முன் ஷூவை உள்ளே வாங்க வேண்டும். அதற்குத்தான் பின்தட்டில் அறுகோணத் தலை கொண்ட அட்ஜஸ்டர் ஒன்று இருக்கிறது. நத்தைக் கூடு வடிவில் உள்ள ஒரு தகட்டை அது திருப்பும். ஒரு பக்கம் திருப்பினால் ஷூ விரியும்; மறுபக்கம் திருப்பினால் சுருங்கும்.

இந்த அட்ஜஸ்டர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஊற்றி, ஸ்பேனரைப் போட்டு மெல்ல இறுக்கும் பக்கமும் தளர்த்தும் பக்கமும் மாறி மாறி அசைத்தார்கள். முதலில் ஒரு மயிரிழை. பிறகு ஒரு நெல்மணி அகலம். மதியச் சாப்பாட்டுக்குள் அட்ஜஸ்டர் கால் சுற்று திரும்பியது. உள்ளே ஷூ விலகும் சத்தம் கேட்டது.

டிரம்மை ஹப்போடு பிடித்திருப்பவை மூன்று திருகுகள். தலை டிரம்முக்குள் புதைந்து, நடுவில் ஒரு கீறல் மட்டும் தெரியும். காஞ்சா ஸ்க்ரூ டிரைவரை அதில் நிறுத்தி, அதன் பின்பக்கத்தைச் சுத்தியலால் இரண்டு முறை தட்டிய பிறகு திருகினான். தட்டினால் புரியில் இறுகிய துரு நொறுங்கும். இரண்டு திருகுகள் வந்தன. மூன்றாவதன் கீறல் முன்பு யாரோ அவசரத்தில் போட்ட போட்டில் சிதைந்திருந்தது. அதன் தலையைத் துளையிட்டு எடுத்தாயிற்று. மிஞ்சிய தண்டு ஹப்பிலேயே இருக்கட்டும். டிரம் வந்த பிறகு கொறடால் பிடித்துத் திருகிக்கொள்ளலாம்.

இனி டிரம்மைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை. ஆனாலும் வரவில்லை.

தட்டினார்கள். வரவில்லை. சுகியாபோக்ரியிலிருந்து மூன்று கால் புல்லர் வாங்கிவந்து மாட்டி இறுக்கினார்கள். புல்லரின் நடுத் திருகு முறுக்கேறி நின்றது, டிரம் அசையவில்லை. மாலை நான்கு மணிக்குப் பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. பூங்கா திறக்க மூன்று நாள். திறக்கிற முதல் நாளுக்கே கொல்கத்தாவிலிருந்து ஐந்து பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். காஞ்சா மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்து ஓங்கினான்.

அப்பா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்பு என்று நினைக்காதே. மண்சட்டி என்று நினைத்துக்கொள்."

வார்ப்பிரும்பின் குணம் அது. எவ்வளவு பாரமும் தாங்கும், அடி தாங்காது. எஃகைப் போல நெளிந்து எச்சரிக்காது, பட்டென்று விரியும். டிரம்மின் ஓரத்தில் விழும் ஒரே அடி, கண்ணுக்குத் தெரியாத விரிசலை விட்டுப்போகலாம். அந்த விரிசலோடு டிரம்மை மறுபடி மாட்டினால், பிரேக் சூடேறும் ஏதோ ஓர் இறக்கத்தில் அது முழுசாகப் பிளக்கும். உடைந்தால் மாற்று டிரம் சிலிகுரியில் கேட்டவுடன் கிடைக்கிற பொருளும் அல்ல.

புல்லரைக் கழற்றவில்லை. இன்னும் ஒரு கால் சுற்று மட்டும் இறுக்கி, டீசலை ஹப் வட்டத்தில் ஊற்றி, அப்படியே இரவு விட்டார்கள். எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கட்டும்; எண்ணெய் தன் வேலையைச் செய்யட்டும் என்பது அப்பாவின் கணக்கு.

காலையில் முதல் வேலையாக டீசலைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைக்கச் சொன்னார். அடுத்து நெருப்பு வருகிறது. தகரம் பற்றவைப்பவரிடம் இரவல் வாங்கிய மண்ணெண்ணெய் ப்ளோ லாம்ப்பைப் பற்றவைத்து, சுடரை டிரம்மின் நடு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. டிரம் சூடாகி விரிய வேண்டும். உள்ளிருக்கும் ஹப்புக்கு அந்தச் சூடு போய்ச் சேரும் முன் தட்டி எடுத்துவிட வேண்டும். அதிகம் காய்ச்சினால் ஹப்பின் கிரீஸ் உருகும், ஆயில் சீலின் ரப்பர் வேகும். இரண்டு நிமிடம் போதும்.

சுடரை விலக்கினார். காஞ்சா மரக்கட்டை வைத்து, போல்ட்டுகளுக்கு இடையே தட்டையான முகத்தில் ஒரு தட்டு, எதிர்ப்புறம் ஒரு தட்டு என்று வட்டமாகத் தட்டினான். ஓங்கி அல்ல, கதவு தட்டுவதுபோல. பதினைந்தாவது தட்டோ இருபதாவதோ, சத்தம் மாறியது. அதுவரை 'டக்' என்று செத்த சத்தம். இப்போது 'டங்'.

"வந்துவிட்டது" என்றார் அப்பா. டிரம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. புல்லரை இன்னும் கால் சுற்று இறுக்கியதும் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். டிரம் விரல் அகலம் முன்னால் வந்து நின்றது.

ஆறட்டும் என்று ஒரு தேநீர் குடித்துவிட்டு, காஞ்சா அதைக் கையால் உருவி எடுத்தான்.

நன்றாக வேலை செய்யும் டிரம்முக்குள் உலர்ந்த கறுப்புத் தூசி இருக்கும். முதல் நாள் வலது டிரம்மில் அதுதான் இருந்தது. பழக்க தோஷத்தில் அப்பா அதை வாயால் ஊதப் போனபோது காஞ்சாதான் தடுத்தான். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் இழை நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். இருபது முப்பது ஆண்டுக்குப் பிறகு நோயாகத் தலைகாட்டும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களது அடிப்படை உரிமையில் சேர்ந்தது என்று 1995-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாலையோர மெக்கானிக்கிடம் அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை. அவர் இன்றும் ஊதுகிறார். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும் என்று மகன் சொல்ல, நாற்பது ஆண்டு ஊதிய அப்பா ஒன்றும் சொல்லாமல் துணியை நனைத்துக் கொடுத்தார்.

இடது டிரம்மில் ஊத எதுவும் இல்லை. தூசியே இல்லை. உள்ளே எல்லாம் ஈரமாக, கறுப்பாக, வழவழவென்று மின்னியது. கியர் ஆயிலின் கந்தக வாடை மூக்கில் ஏறியது. ஹப்பின் ஆயில் சீல் கிழிந்து, பின் அச்சின் ஆயில் சொட்டுச் சொட்டாக பிரேக்குக்குள் வந்திருக்கிறது. லைனிங் அதைக் குடித்துக் குடித்துக் கண்ணாடிபோல ஆகிவிட்டது. அந்த லைனிங் டிரம்மை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும், பிடிக்காது.

காஞ்சா வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் தூக்கினான். உள்ளிருந்து பிரேக் ஆயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, விளிம்பில் நின்று, விழுந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தக் கால வண்டிகளில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழிகளில் போகும். ஒன்று ஒழுகினாலும் மற்றது வண்டியை நிறுத்தும். 1957-ன் வண்டியில் ஒரே வழிதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரே அழுத்தம். இந்த ஒரு சிலிண்டரின் ரப்பர் ஒருநாள் முழுசாக விட்டுக்கொடுத்தால், நான்கு சக்கர பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். கால் தரையைத் தொடும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

"இது போன வருஷத்துது இல்லை, பாபா. எத்தனை வருஷமாக இப்படி?"

அப்பா அந்தச் சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக இந்த டிரம்மை எப்போது கழற்றினார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை முயன்றார். வரவில்லை. சீசன் நேரம், அப்படியே விட்டார். அடுத்த ஆண்டு முயலவும் இல்லை. ஓடுகிற வண்டிதானே.

அடையாளங்கள் இருந்தன. சீசனுக்கு ஒருமுறை பின் அச்சில் ஆயில் குறைந்தது. ஊற்றினார். லேண்ட் ரோவர் ஆயில் ஒழுகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்பது உலகெங்கும் அந்த வண்டிக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை, அவரும் சிரித்திருக்கிறார். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியது. அதையும் ஊற்றினார். வண்டி வலப் பக்கம் இழுக்கத் தொடங்கியது ஒரே நாளில் அல்ல. மாதத்துக்கு ஒரு நூல். அவருடைய கை மாதத்துக்கு ஒரு நூல் இடப் பக்கம் பிடிக்கப் பழகியது. அது அவருக்கே தெரியாது. அதனால்தான் 'ஒருநாளும் இழுத்ததில்லை' என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பிரேக்கில் வண்டி ஓட்டுகிறவரே அல்ல. டும்லிங்கிலிருந்து கைரிபாஸுக்கு இறங்கும் செங்குத்தில், இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுவார். வண்டியின் பாரத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடுவது கடைசி நாலு முழத்துக்கு மட்டும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படித்தான். பாதை முழுக்கக் குண்டும் கல்லுமாக இருந்தவரை வேகமும் நடக்கிற வேகம்தான்.

"நான் பிரேக்கை நம்பி ஓட்டினதே இல்லை, காஞ்சா" என்றார்.

"நான் நம்பித்தானே ஓட்டப்போகிறேன், பாபா."

அதற்கு அவரிடம் பதில் இல்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒரு பழுதை ஆறு ஆண்டு மூடி வைத்திருந்தது. அவருடைய கையும் காலும் இருக்கும்வரை இந்த வண்டி பத்திரமான வண்டி. சாவியை மகனிடம் கொடுத்த நிமிடத்தில் அது ஆபத்தான வண்டி. சாவியைக் கொடுக்கலாம், இறக்கத்தின் நிதானத்தைச் சொல்லியும் கொடுக்கலாம். கைக்கே தெரியாமல் கை செய்துவந்ததை யார் யாருக்குக் கொடுப்பது? அப்பன் கணக்கில் கொள்ளாமல் விட்டது மகன் காலடியில் போய் நின்றுவிடுகிறது.

திறக்க இரண்டு நாள் இருந்தது. காஞ்சா டிரம்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு சிலிகுரிக்கு இறங்கினான். கடைசல் பட்டறையில் உள்பக்க வரம்பை நீக்கிச் சமப்படுத்தினார்கள். விரிசல் இல்லை என்று தட்டிப் பார்த்துச் சொன்னார்கள். புது ஆயில் சீல், வீல் சிலிண்டர், ஷூக்கள் வாங்கினான். ஆயில் குடித்த லைனிங்கை நெருப்பில் வாட்டி மறுபடி போடலாம் என்று ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். பலரும் அப்படிச் செய்கிறார்கள். வாட்டினால் மேலே உலரும். உள்ளே ஊறியது அடுத்த சூட்டில் கசியும். காஞ்சா கேட்கவில்லை. இடது பக்கத்துக்கு மட்டுமல்ல, வலது பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கினான். ஓர் அச்சில் ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் மறுபடி இழுப்புதான்.

பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றினார்கள். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பரவலாகப் பயன்படும் டாட் 3 வகையில் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், மிதி பஞ்சுபோல உள்ளே போகும். மலையில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லப்படும் விபத்துகளில் இப்படி நேர்வதும் உண்டு. குறைந்த கியரில் இறங்கு என்று மலைச் சாலைகளில் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் பூட்டும் முன், ஹப்பின் வட்டத்தை உப்புத்தாளால் வெள்ளி தெரியத் தேய்த்தார் அப்பா. சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, அந்த வட்டத்தில் மட்டும், ஷூவின் பக்கம் போகாமல், மெலிசாகப் பூசினார். டிரம் மறுபடி ஒட்டாமல் இருக்க அந்த ஒரு விரல் கிரீஸ் போதும். ஆறு வருடத்துக்கு முன் இதைச் செய்திருந்தால் இந்த மூன்று நாள் வேலையே இல்லை.

திறப்புக்கு முந்திய மாலை, சித்ரேயிலிருந்து இறக்கத்தில் காஞ்சா ஓட்டினான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கொண்டையூசி வளைவு வருவதற்கு முன்பே குறைந்த கியருக்கு வரச் சொன்னார். வளைவை நெருங்கியதும், "இப்போது மிதி" என்றார். வண்டி நேராக நின்றது. அவருடைய இரு கைகளும் மடியில்தான் இருந்தன. ஆனால் நின்ற கணத்தில் அவை தானாக ஒரு நூல் இடப் பக்கம் திரும்பியதை அவரே பார்த்தார். இல்லாத ஸ்டியரிங்கை இல்லாத இழுப்புக்கு எதிராகப் பிடிக்கும் கைகள்.

"பார்த்தாயா?" என்று கேட்டுச் சிரித்தார். காஞ்சா சிரிக்கவில்லை.

மறுநாள் அதிகாலை, கொல்கத்தாக்காரர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொட்டகையில் விளக்கு எரிந்தது. காஞ்சா எழுந்துபோய்ப் பார்த்தபோது, முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்திருந்தது. பின் இடது சக்கரம் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. அப்பா மூன்றாவது திருகை எடுத்து டால்டா டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மறுபடி என்ன ஆச்சு, பாபா?"

"ஒன்றும் ஆகவில்லை."

டிரம்மின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வந்தது. உள்ளே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் உலர்ந்திருந்தது. மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, திருகைக் காஞ்சாவின் கையில் கொடுத்தார்.

"நீ மாட்டு" என்றார்.